வண்டிக் கதவில் ஒரு பழைய ‘ணை’

நீண்ட பதிவு. மோட்டார் வாகனச் சட்டம், வினைல் படலம், 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தம் ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்றிலாவது ஆர்வம் உள்ளவர்கள் பொறுமையுடன் வாசிக்கலாம். சட்டத்தில் ஆர்வமில்லாதவர்கள் நடுப்பகுதியைத் தாண்டிச் செல்வதில் எனக்கு வருத்தமில்லை.

எங்கள் குடும்பத்திற்குச் சொந்தமான டாடா ஏஸ் சரக்கு வண்டிக்கு முழு வினைல் ராப் போடுவதா, வேண்டாமா என்பது மூன்று மாதங்களாக வீட்டில் நடந்துவரும் விவாதம். அப்பாவும் தம்பியும் மட்டாஞ்சேரி பஜார் சாலையை ஒட்டிய ஒரு சந்தில் மிளகு, ஏலம், சுக்கு, சாதிக்காய் ஆகியவற்றைச் சில்லறைக்கும் விடுதிகளுக்கும் விற்கிறார்கள். தாத்தா தென்காசிப் பக்கத்திலிருந்து 1960களில் இங்கே கிடங்கில் மூட்டை தூக்க வந்தவர். வண்டி 2012இல் வாங்கப்பட்டது, நிறம் வெள்ளை. அதன் இரு கதவுகளிலும் கடையின் பெயரும், அதற்கு மேலே ‘முருகன் துணை’ என்பதும் நீல எனாமல் வண்ணத்தில் தமிழில் கையால் எழுதப்பட்டிருக்கின்றன. ஃபோர்ட் கொச்சியிலும் எர்ணாகுளத்திலும் உள்ள விடுதிகளுக்குச் சரக்குக் கொண்டுசெல்லும்போது வண்டி பழையதாகத் தெரிகிறது என்பதும், பார்ப்பவர் எவரும் அந்த எழுத்தை வாசிப்பதில்லை என்பதும் தம்பியின் குறை. கரும்பச்சை நிறத்தில் முழுப் போர்வை, அதன்மேல் மிளகுக்கொடி, பொன்னிறத்தில் ஆங்கிலப் பெயர், கீழே சிறிதாக மலையாளம், பின்கதவில் கியூஆர் குறியீடு என்று ஒரு வடிவத்தை அவனே கணினியில் செய்து வைத்திருந்தான். கடைக்காரர் சொன்ன விலை முப்பத்தெட்டாயிரம் ரூபாய். வடிவம் அழகாகவே இருந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். அவன் கணக்கும் பொய்யில்லை: விடுதிக் கொள்முதல்காரர் ஒருவர் தம் வாசலில் நிற்கும் வண்டியைப் பார்த்தே சரக்கின் தரத்தை எடைபோடுகிறார் என்றால், அந்தப் பழக்கத்தை மாற்றுவது எங்கள் கையில் இல்லை.

முதலில் பொருளைப் பற்றி. வினைல் படலத்தில் இரு வகை உண்டு. கடைகளில் ‘கேலண்டர்’, ‘காஸ்ட்’ என்று சொல்கிறார்கள். உருகிய பிவிசியை உருளைகளுக்கிடையே அழுத்தி இழுத்துத் தகடாக்குவது முதல் வகை. இழுத்துச் செய்யப்பட்ட பொருளாகையால், வெயில் பட்டதும் தன் பழைய அளவுக்குச் சுருங்கவே முயலும். திரவ நிலையில் உள்ள பிவிசியை ஒரு தாள்மேல் வார்த்து, சூட்டில் உலர்த்தி எடுப்பது இரண்டாம் வகை. அதற்கு இழுவிசையின் நினைவு இல்லை. ஏறக்குறைய 50 மைக்ரான் தடிமனில் மிக மெல்லியதாக, வளைவுகளில் படிந்து அமரும். இரண்டாவது விலை கூடியது. ஏஸ் போன்ற வண்டியின் சரக்குப்பெட்டி மேடுபள்ளமாக மடிக்கப்பட்ட தகடு. அதன் பள்ளங்களில் கேலண்டர் படலத்தை ஹீட் கன் கொண்டு அழுத்திப் படியவைத்தாலும் சில மாதங்களில் அது கூடாரம்போல் மேலெழும்பி நிற்கும். எங்களுக்குச் சொல்லப்பட்ட விலை கேலண்டருக்கான விலை.

மட்டாஞ்சேரியின் காற்று உப்புக்காற்று. ஆண்டுக்கு ஏறக்குறைய 3000 மில்லிமீட்டர் மழை. பதின்மூன்று ஆண்டு இங்கே ஓடிய தகட்டில் துரு இல்லாதிருக்க வழியில்லை. துருவின்மேல் ஒட்டிய படலம் துருவை நிறுத்தாது; ஓரங்களின் வழியே நுழைந்த நீர் உள்ளேயே தங்கிவிடுவதால் அரிப்பு கண்ணுக்குத் தெரியாமல் தொடரும். ஆகவே ஒட்டுவதற்கு முன் துருவைச் சுரண்டி, பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டு மட்டப்படுத்த வேண்டும்.

இந்த ‘மட்டப்படுத்துதல்’ என்ற சொல்லில்தான் எங்கள் வீட்டு விவாதத்தின் முடிச்சு இருந்தது. ராப் என்பதன் பெருமையாக எங்கும் சொல்லப்படுவது, அது மீட்கக்கூடியது என்பது: பிடிக்காவிட்டால் உரித்துவிடலாம், கீழே பழைய வண்ணம் அப்படியே இருக்கும். தொழிற்சாலையில் சூட்டில் பதப்படுத்தப்பட்ட வண்ணத்துக்கு இது பெரும்பாலும் பொருந்தும். அதன்மேல் தூரிகையால் எழுதிய எனாமலுக்குப் பொருந்தாது. மெல்லிய படலத்தின் வழியே கீழுள்ள தூரிகை மேடு அப்படியே தெரியும். ஆகையால் ஒட்டுபவர் எழுத்தை முதலில் தேய்த்து எடுத்துவிடுவார். தேய்க்காமல் ஒட்டினாலோ, பின்னாளில் படலத்தை உரிக்கும்போது பசையோடு எழுத்தும் வந்துவிடும். தம்பி முதலில் எனக்குத் தந்த உறுதி, ‘எழுத்து அடியில பத்திரமா இருக்கும் அக்கா, நாளைக்கு வேணும்னா எடுத்துக்கலாம்’ என்பது. அவன் ஏமாற்றவில்லை, அவனுக்கு விற்கப்பட்ட வாக்கியத்தை எனக்குச் சொன்னான். உப்புத்தாள் பற்றி ஒட்டுபவரிடம் நேரில் கேட்டபோதுதான் இருவருக்கும் தெரிந்தது.

இனி சட்டம். வாகனத்தின் நிறம் பதிவுச் சான்றிதழில் எழுதப்படும் ஒரு விவரம். வெள்ளை என்று பதிவான வண்டியைக் கரும்பச்சையாக்கினால், அது வண்ணப் பூச்சாலா படலத்தாலா என்று சாலையில் நிறுத்துபவர் ஆராயப்போவதில்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் அப்பிரிவை இறுக்கமாகவே பொருள்கொண்டது. அதே ஆண்டின் திருத்தம், அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்று வைத்தது. அச்சட்டம் முதன்மையாகக் கட்டமைப்பு மாற்றங்களைக் கருதியது. நிறத்தை முன் அனுமதி பெற்று, சான்றிதழிலும் மாற்றிக்கொள்ள வழி உண்டு. ஆயினும் எட்டு ஆண்டைக் கடந்த சரக்கு வண்டி ஆண்டுதோறும் தகுதிச் சோதனைக்குப் போயாக வேண்டும். அங்கே சான்றிதழும் வண்டியும் ஒன்றையொன்று பொய்யாக்கி நிற்பதை யாரும் விரும்பமாட்டார்கள். விளம்பரம் என்று கருதப்பட்டால் அதற்கு வேறு அனுமதி.

இதில் ஒரு வேடிக்கை. கடையில் காட்டிய மாதிரிப் புத்தகத்தில் தம்பி தேர்ந்திருந்த கரும்பச்சைக்குப் பக்கத்துத் தாளில் ‘மிலிட்டரி கிரீன்’ என்று ஒரு படலம் இருந்தது. கடைக்காரர் அதைத்தான் பரிந்துரைத்தார், இப்போது அதற்குத்தான் மவுசாம். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121ஆம் விதி, பாதுகாப்புத் துறையின் வண்டிகளைத் தவிர வேறெந்த வண்டிக்கும் ஆலிவ் பச்சை பூசக்கூடாது என்கிறது. ஒரு நிறத்தைப் பேசும் உரிமை அரசுக்கு மட்டுமே என்று எழுதிவைத்த விதி! சொல்லகராதி தொகுப்பவர்கள் பொறாமைப்படலாம்.

கேரளத்தில் வண்டியின் மேல்தோல் யாருடையது என்ற கேள்வி இந்தப் பத்தாண்டில் பலமுறை எழுந்திருக்கிறது. 2018இல் தனியார் பேருந்துகளுக்கு நிற ஒழுங்கு வந்தது: நகரப் பேருந்துக்கு இளம்பச்சை, நகருக்கு வெளியே ஓடுவனவற்றுக்கு இளநீலம், லிமிடெட் ஸ்டாப்புக்கு மெரூன். அதுவரை ஒவ்வொரு பேருந்தும் தன் முதலாளியின் நிறத்தில் ஓடிற்று. எழுத்தறியாத முதியவர்களும் நிறத்தைக் கொண்டு பேருந்தை அறிந்திருந்தார்கள் என்பது களப்பணியில் எனக்குக் கிடைத்த செய்தி. புது ஒழுங்கில் நிறம் வழியைக் காட்டுவதை விட்டு வகையைக் காட்டத் தொடங்கியது. 2021 ஆகஸ்ட்டில் கண்ணூரில், காணொளிப் பதிவர்களான இரு சகோதரர்களின் வண்டி மாற்றங்களுக்காகப் பறிமுதலாகி, அவர்களும் கைதானபோது, இளைஞர் பலர் அதைத் தங்கள் பேச்சுரிமைக்கு நேர்ந்த தீங்காகவே எடுத்துக்கொண்டார்கள். என் தம்பி அப்போது கல்லூரியில் இருந்தான். ‘வண்டில ஸ்டிக்கர் ஒட்டினா ஜெயிலா?’ என்று அன்று கேட்டவன், இன்று அதே கேள்வியைப் பொருள்முதலோடு கேட்கிறான்.

சுற்றுலாப் பேருந்துகளின் கதை இதைவிடக் கனமானது. 2022 அக்டோபர் 5ஆம் நாள் இரவு, எர்ணாகுளம் மாவட்டம் முளந்துருத்தியிலிருந்து ஊட்டிக்குப் பள்ளி மாணவர்களை ஏற்றிச்சென்ற சுற்றுலாப் பேருந்து, பாலக்காடு மாவட்டம் வடக்கஞ்சேரி அருகே அரசுப் பேருந்தின் பின்புறத்தில் மோதியது. ஒன்பது பேர் இறந்தார்கள். ஐவர் மாணவர்கள், ஒருவர் ஆசிரியர், மூவர் அரசுப் பேருந்தில் வந்தவர்கள். மோதும் முன் பேருந்தின் வேகம் மணிக்கு 97 கிலோமீட்டருக்கு மேல் என்று பதிவாகியிருந்தது. கேரள உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் அனில் கே. நரேந்திரன், பி. ஜி. அஜித்குமார் ஆகியோரின் அமர்வு இதைத் தானாக முன்வந்து எடுத்துக்கொண்டது. சுற்றுலாப் பேருந்துகளுக்கு ஒரே நிறம் வெள்ளை என்ற முடிவு 2020லேயே எடுக்கப்பட்டிருந்தது. இவ்விபத்துக்குப் பின் அது தளர்வின்றி நடைமுறைக்கு வந்தது. திரைநாயகர்களும் புலிகளும் தீச்சுவாலைகளும் பாய்ந்துகொண்டிருந்த பக்கங்கள் சில வாரங்களில் வெளுத்தன. அந்த ஓவியங்களை எழுதியும் ஒட்டியும் வாழ்ந்தவர்களைப் பற்றி அப்போது மிகக் குறைவாகவே பேசப்பட்டது.

முளந்துருத்தி எங்கள் வீட்டிலிருந்து தொலைவில்லை. அந்த வாரம் இங்கே இருந்தவர்கள் எவரும், ‘நிறத்துக்கும் வேகத்துக்கும் என்ன தொடர்பு?’ என்ற கேள்வியை எளிதாகக் கேட்டுவிட முடியவில்லை. எனினும் கேட்கப்பட வேண்டிய கேள்வியே அது. கொன்றது வேகம். கண்கூசும் விளக்குகளும் ஓட்டுநர் அறையின் கேளிக்கைகளும் ஆபத்தானவை என்பதில் ஐயமில்லை. பக்கத்தகட்டில் உள்ள புலி அப்படியன்று. அதே உயர் நீதிமன்றம் பின்னர் அரசுப் பேருந்துகளின் மேலுள்ள விளம்பரங்களும் பிற ஓட்டுநர்களின் கவனத்தைச் சிதைப்பவை என்று தடுத்தது. வருவாய் இழப்பைக் காட்டி அரசுப் போக்குவரத்துக் கழகம் உச்ச நீதிமன்றம் செல்ல, 2023 ஜனவரியில் அத்தடை நிறுத்திவைக்கப்பட்டது. இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் தோன்றும் ஐயத்தை வாசிப்பவர்களுக்கே விடுகிறேன். மகாராஷ்டிரம் 2015இல் லாரிகளின் பின்புறத்தில் ‘ஹார்ன் ஓக்கே ப்ளீஸ்’ என்று எழுதுவதைத் தடை செய்ததையும் இதனோடு சேர்த்துக்கொள்ளலாம். அந்தத் தொடரை எழுதாவிட்டால் ஒலி குறையும் என்ற நம்பிக்கையில் சொல்லின் ஆற்றலைப் பற்றி ஒரு பழைய நம்பிக்கை ஒளிந்திருக்கிறது.

சட்டம் எங்களைத் தடுத்துவிட்டது என்று இத்துடன் முடித்துக்கொண்டிருக்கலாம். தம்பியோ வெள்ளைப் பின்புலத்திலேயே புதிய வடிவம் ஒன்றைச் செய்துவந்தான். நிறச் சிக்கல் தீர்ந்தது. எழுத்துச் சிக்கல் எஞ்சியது.

அந்தக் கதவை எழுதியவர் எங்கள் தெருவில் இருந்த ஒரு தமிழ்ப் பெரியவர், இப்போது இல்லை. 1978க்கு முன்னரே எழுதப் பழகிய கை. ‘துணை’ என்பதில் வரும் ணைகாரத்தை அவர் பழைய வடிவில் எழுதியிருக்கிறார்: இரட்டைச் சுழி தனியாக முன்னே நிற்காமல், எழுத்தோடு ஒட்டி மேலெழுந்து வளையும் வடிவம். யானைத் துதிக்கை என்று சிறுவயதில் சொல்வோம். (டாடா ஏஸுக்குத் தமிழ்நாட்டில் வழங்கும் பெயர் குட்டி யானை. இந்தப் பொருத்தத்தை நான் கண்டுபிடித்துச் சொன்னபோது வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.) பெரியார் 1935 முதல் ‘குடிஅரசு’ இதழில் கையாண்ட சீர்திருத்தத்தின் ஒரு பகுதியை அவருடைய நூற்றாண்டையொட்டி 1978 அக்டோபரில் தமிழ்நாட்டு அரசு ஆணையாக்கியது. ணா, றா, னா முதலியனவும் ணை, லை, ளை, னை என்பனவும் உட்பட பதின்மூன்று எழுத்துகள் மாறின. அச்சுக்கும் தட்டச்சுக்கும் அது செய்த நன்மையை மறுப்பவர் எவரும் இல்லை, நானும் மறுக்கவில்லை. ஆனால் ஆணை தமிழ்நாட்டு அரசினுடையது. மட்டாஞ்சேரிச் சந்தில் தூரிகை பிடித்தவருக்கு அதை நிறைவேற்றவேண்டிய கடப்பாடு ஏதுமில்லை. 2012இலும் அவர் துதிக்கையையே வரைந்தார்.

ஒருங்குறியில் அந்தப் பழைய வடிவத்துக்குத் தனி இடம் இல்லை, இருக்கவேண்டிய தேவையும் கோட்பாட்டளவில் இல்லை, ஏனெனில் அது அதே எழுத்தின் வேறு தோற்றம், எழுத்துருவின் பொறுப்பு. நாம் அன்றாடம் பயன்படுத்தும் எழுத்துருக்களில் அத்தோற்றம் கிடையாது. மலையாளத்தின் நிலை வேறு. 1971இல் அங்கும் அச்சுக்காகக் கூட்டெழுத்துகள் உடைக்கப்பட்டன. ஆனால் 1999இல் தொடங்கிய ‘ரசனா’ இயக்கம் பழைய எழுத்துகள் அனைத்தையும் கணினி எழுத்துருவாக்கி மீட்டுத் தந்தது. இன்று எங்கள் ஊரில் மலையாளப் பெயர்ப்பலகை செய்பவர் பழைய லிபியையோ புதியதையோ தம் விருப்பம்போல் தேரலாம். தமிழில் கேட்டால் கடைக்காரர் தம்மிடம் உள்ள இரண்டு எழுத்துருக்களைக் காட்டுகிறார். அவற்றில் ஒன்று ஒருங்குறியே அல்ல.

மொழிசார் நிலக்காட்சி என்று நாங்கள் அழைக்கும் துறைக்கு 1997இல் லாண்ட்ரி, பூர்ஹிஸ் இருவரும் எழுதிய கட்டுரை தொடக்கப்புள்ளி எனலாம்: சாலைப் பலகை, தெருப்பெயர், கடைப்பெயர், அரசுக் கட்டடங்களின் அறிவிப்பு ஆகியவை சேர்ந்து ஒரு நிலப்பகுதியில் ஒரு மொழிக்குழுவின் இருப்பைக் காட்டுகின்றன என்றது அது. பெரும்பாலும் அசையாப் பொருள்கள். நகரும் எழுத்துகளை, வண்டி, பொதி, பணத்தாள் போன்றவற்றை, 2010இல் மார்க் செபா கவனத்துக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன் 2003இல் ரான் ஸ்கோலனும் சூசி வோங் ஸ்கோலனும் எழுதிய நூலில், எழுத்து எதன்மேல், எதனால் பொறிக்கப்பட்டிருக்கிறது என்பதும் பொருளின் ஒரு பகுதியே என்று வாதிட்டிருந்தார்கள். கல்லில் வெட்டியது நிலைபேற்றைச் சொல்லும். மேலே ஒட்டப்பட்டது தற்காலிகத்தையும் புதுமையையும் சொல்லும். இதற்கு மட்டாஞ்சேரியில் எடுத்துக்காட்டுத் தேடி அலைய வேண்டியதில்லை. 1568இல் கட்டப்பட்ட பரதேசி யூதத் தொழுகைக்கூடத்தின் சுவரில், கொச்சங்காடியில் இருந்து மறைந்துபோன வேறொரு தொழுகைக்கூடத்தின் 1344ஆம் ஆண்டு எபிரேயக் கல் பதிக்கப்பட்டிருக்கிறது. கட்டடம் போயிற்று, கல் நகர்ந்து வந்து வேறு சுவரில் அமர்ந்தது. கொங்கணி, குஜராத்தி, கச்சி, தக்கனி, மராத்தி, தெலுங்கு, தமிழ் என்று இத்தனை மொழிகள் பேசப்படும் சில சதுரக் கிலோமீட்டரில், பேச்சில் இருப்பவை பலவும் எழுத்தில் தென்படுவதில்லை. தென்படுவனவற்றுள் பெரும்பகுதி வழிபாட்டிடங்களின் உள்ளே. தெருவில் நகரும் தமிழ் மிகச் சொற்பம்.

இங்கேதான் என் நிலை சிக்கலாயிற்று. எங்கள் வண்டியின் வலக்கதவு என் ஆய்வேட்டின் மூன்றாம் இயலில் ஒரு படம். அது எங்கள் வண்டி என்பதை அங்கே அடிக்குறிப்பில் சொல்லியிருக்கிறேன். அந்த எழுத்து அழியக்கூடாது என்று நான் வீட்டில் பேசும்போது, பேசுவது மகளா, அக்காவா, தரவைக் காக்க விரும்பும் ஆய்வாளரா? தம்பி இதை என்னைவிடக் குறைந்த சொற்களில் கேட்டுவிட்டான்: ‘அக்கா, இது வண்டி. உன் தீசிஸ் இல்ல.’

அவனுக்கு நான் சொன்ன மறுமொழியைச் சுருக்கமாகப் பதிவு செய்கிறேன். படம் எடுத்தாகிவிட்டது, அளவு, கோணம், வண்ணம் எல்லாம் குறித்தாகிவிட்டது, எழுத்து நாளை அழிந்தாலும் இயல் அழியாது. சொல்லப்போனால், அழிந்தால் எழுத இன்னொரு கட்டுரை கிடைக்கும். ஆகவே ஆய்வுக்காக நான் கேட்கவில்லை. வாசிப்பவர் இல்லை என்பதால் தமிழை எடுத்துவிடலாம் என்ற அவன் வாதத்துக்குத்தான் மறுப்பு. அந்த எழுத்தை விடுதிக்காரர் வாசிப்பதில்லை, உண்மை. ஆனால் பஜார் சாலையில் மூட்டை இறக்கும் தென்காசி, சங்கரன்கோவில்காரர்கள் வாசிக்கிறார்கள். ஒரு கூலி குறைவான நாளில் எங்கள் வண்டிக்கு முதலில் ஆள் வருவது எதனால் என்று அப்பாவிடம் கேட்டுப் பார்க்கச் சொன்னேன். பெயர்ப்பலகை வாங்குபவருக்கு மட்டும் உரியதன்று. விற்பவருக்கும் சுமப்பவருக்கும் அதில் பங்கு உண்டு. வணிக ஆலோசனை சொல்பவர்கள் இந்தப் பிற்பாதியை எண்ணுவதில்லை.

தம்பி இதற்கு உடனே ஒப்பவில்லை. முப்பத்தெட்டாயிரம் ரூபாய் செலவழித்த பின்னும் வண்டி பழையதாகவே தெரிந்தால் யாருக்கு லாபம் என்றான். நியாயமான கேள்வி, பழைமையை விரும்புவது, பழைய வண்டியை நாள்தோறும் ஓட்டவேண்டிய தேவை இல்லாதவர்களுக்கு எளிது. பியனாலே காலத்தில் ஃபோர்ட் கொச்சிக்கு வருபவர்கள் உதிரும் சுவர்களைப் படம் எடுத்து மகிழ்வதையும், அச்சுவர்களுக்குள் இருப்பவர்கள் மழைக்கு முன் சிமெண்டு பூச முடியாமல் தவிப்பதையும் சேர்த்தே பார்த்து வளர்ந்தவன் அவன். என்னிடமும் அதே வகைப் பார்வை ஏறிவிட்டதோ என்ற ஐயம் அவனுக்கு இருந்திருக்கலாம். கையெழுத்தின் அழகை நான் ஒருமுறைகூட வாதமாக வைக்கவில்லை. அழகு என்று பார்த்தால், அந்தப் பெரியவரின் ‘ரு’ சற்றுக் கோணல்.

முடிவு அப்பாவினுடையது, அவர் எங்கள் இருவரின் பேச்சையும் கேட்டுவிட்டு, வண்டியை வொர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோய்க் கதவுகளைத் தட்டிப் பார்த்து வந்தார். வலக்கதவின் தகடு நன்றாக இருக்கிறது. இடக்கதவின் கீழ்ப்பாதி துருவில் போய்விட்டது. வெட்டி, புதுத்தகடு பற்றவைத்தே ஆகவேண்டும். எழுத்தின் பாதி அதிலேயே போகும். ஆக, ராப் போட்டாலும் போடாவிட்டாலும் ஒரு ‘துணை’ போவது உறுதி. இத்தனை நாள் நாங்கள் வாதாடியது எங்கள் விருப்பத்தில் இல்லாத ஒன்றைப் பற்றியும்தான்.

முழுப் போர்வை கைவிடப்பட்டது. அதற்கான பணத்தில் முதலில் டிங்கரிங் வேலை, பின்னர் அதே வெள்ளையில் பூச்சு. சரக்குப்பெட்டியின் பக்கங்களிலும் பின்கதவிலும் தட்டையான இடங்களில் மட்டும் காஸ்ட் படலத்தில் தம்பியின் மிளகுக்கொடியும், கடைப்பெயர் ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் ஒரே அளவில், தமிழில் சற்றுச் சிறியதாகவும் வரும். எடை விவரம் எழுதிய இடம் மூடப்படாது. வலக்கதவைச் சுற்றிக் காகிதம் ஒட்டி மறைத்துவிட்டு மற்ற இடங்களில் பூசுவார்கள்; அந்த வெள்ளை இந்த வெள்ளையோடு பொருந்தாது, பழுப்பேறிய கதவு தனித்துத் தெரியும். தம்பி இதைப் பல்லைக் கடித்துக்கொண்டு ஏற்றுக்கொண்டான் என்பதே சரியான வருணனை. பதிலுக்கு அவன் கேட்ட கியூஆர் குறியீடு கிடைத்தது.

இடக்கதவுக்கு எழுத ஆள் தேடினோம். தோப்பும்படி வரை விசாரித்தும் தமிழில் தூரிகை பிடிப்பவர் கிடைக்கவில்லை. தென்காசியிலிருந்து ஒருவரை வரவழைப்பதற்கு ஆகும் செலவைக் கேட்டு அப்பா சிரித்துவிட்டார். ஆகவே வலக்கதவின் எழுத்தைப் படியெடுத்து, நீலப் படலத்தில் வெட்டி, இடக்கதவில் ஒட்டுவது என்று முடிவாயிற்று. வெட்டும் பிளாட்டருக்கு எழுத்துரு தேவையில்லை, கோட்டுப்பாதை போதும். எந்த ஆணையிலும் எந்தக் குறியேற்றத்திலும் இல்லாத எழுத்தையும் அது வெட்டும். கதவுக்கு நேரே கருவியை நிறுத்திப் படமெடுத்து, கணினியில் ஓரம் வரைந்து, சென்ற வாரம் அப்பாவிடம் காட்டினேன். துதிக்கையின் நுனியை நான் உருட்டி முடித்திருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். ‘இங்க தூரிகைய எடுத்திருப்பாரு. கூரா முடியும். உருண்டையா முடியாது,’ என்றார். வெளியே போய்க் கதவில் பார்த்தேன், கூராகவே முடிந்திருந்தது.

ஸ்கோலன் இணையரின் கணக்கில் வலக்கதவில் இருப்பதும் இடக்கதவில் வரப்போவதும் ஒரே எழுத்தல்ல. அந்த வேறுபாட்டை மூன்றாம் இயலில் எப்படி எழுதுவது என்பது நெறியாளருடன் இன்னும் பேசி முடியாத விஷயம். தகுதிச் சோதனை அடுத்த மாதம் 14ஆம் நாள். அதற்குள் வண்டி வொர்க்‌ஷாப்பிலிருந்து வந்துவிட வேண்டும்.

இதை வாசிக்கும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில், தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ மலேசியாவிலோ, பழைய ணை, லை, ளை, னை வடிவங்களோடு கையால் எழுதிய வண்டி, பெட்டி, பலகை ஏதேனும் இன்னும் இருந்தால், நேர்க்கோணத்தில் ஒரு படமும், எழுதியவர் எந்த ஆண்டு வாக்கில் தொழில் கற்றவர் என்ற விவரமும் அனுப்புங்கள். உரிமையாளரின் இசைவு கேட்டுவிட்டு அனுப்புங்கள். வண்டி எண்ணை மறைத்துவிடுங்கள். வெட்டுவதற்கு ஆயத்தமான ‘ணை’ ஒன்று இப்போது என்னிடம் இருக்கிறது. தேவைப்படுபவர்களுக்குக் கோப்பைத் தருகிறேன். லைகாரம் இன்னும் கிடைக்கவில்லை.